குருவிப் படம்

அவனுக்குக் குருவி என்று பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அடுக்குமாடி வீடுகளில் பழுது பார்க்கும் நிறுவனம் எங்களுடையது. குடியிருப்பவர்கள் எங்கள் இணையதளத்தில் புகார் எழுதி, பழுதின் படத்தை ஏற்ற வேண்டும். ஏழு நாளில் படம் வராத புகார் தானாக மூடிக்கொள்ளும். அந்தத் தளத்தை பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதியவன் குருவி. மூடிய புகார்களுக்குத் திட்டு வாங்குகிறவள் நான், போன் மேசைக்காரி.

அவனுக்கு வயது நாற்பத்தொன்று. மேலாளரின் அக்கா மகன். ஊரே பார்க்க அவரை "மாமா" என்று கூப்பிடுவான். காலையில் வந்ததும் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, முந்தைய நாள் பிஸ்கட் தூளை என் மேசைப் பக்கம் உதிர்ப்பான். மேலாளரின் மருமகன் உதிர்த்த தூள் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. நானே துடைப்பேன்.

படம் ஏறவில்லை என்று யாராவது புகார் சொன்னால் அவன் சோதித்துப் பார்ப்பது ஒரே விதம்தான். கணினியில் நகத்தளவு குருவிப் படம் ஒன்று வைத்திருந்தான். அதை ஏற்றுவான். "நன்றி, உங்கள் படம் வந்து சேர்ந்தது" என்று திரையில் வரும். எனக்கு வருதேக்கா, அவங்க போன்லதான் கோளாறு என்பான். மறுநாள் நெட் கோளாறு. அதற்கு மறுநாள் ஜனங்களுக்கே அறிவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு வீதியே கோணல். மூன்று வருடம் இந்தப் பேச்சை நம்பினேன் என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது.

ஒரு குடியிருப்பின் நாலாம் மாடியில் ஒரு தையற்காரப் பெண், அப்பாவோடு இருந்தாள். தையல் மெஷினுக்கு மேலே கூரைப் பூச்சு ஈரத்தில் உப்பிக்கொண்டிருந்தது. மூன்று முறை படம் அனுப்பியதாகச் சொன்னாள். மூன்று புகாரும் படமில்லாமல் மூடின. மூன்றாவது முறை பொறுமை இழந்தேன்.

"அனுப்பாமலே அனுப்பிச்சேன்னு சொல்லாதீங்கம்மா. வந்திருந்தா எங்ககிட்ட இருக்காதா?"

இன்னொரு தடவை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை நாலாவது புகார் வந்திருந்தது. படம் இருக்க வேண்டிய இடம் காலி. கீழே, "மெஷினை நகர்த்த வேறு இடம் இல்லை" என்று எழுதியிருந்தாள். பொய் சொல்கிறவள் நாலு முறை மெனக்கெட மாட்டாள். மதியம் சாப்பிட்டு வந்ததும் எழுந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவன் மேசையிலிருந்த பிஸ்கட் தூளை என் போனில் படம் எடுத்து, குருவியை விட்டுவிட்டு இதை ஏற்றச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஏற்றினான். நன்றி, வந்து சேர்ந்தது. எங்கே, காட்டு என்றேன். சர்வரில் படங்கள் விழும் ஃபோல்டரைத் திறந்தான். குருவி, குருவி, எங்கு பார்த்தாலும் குருவி. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னப் படங்கள். என் தூள் இல்லை.

சிரிப்பு நின்றது. ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையோ என்று முணுமுணுத்தபடி அதைத் திருத்தினான். மறுபடி ஏற்றியும் தூள் வரவில்லை. சர்வர் என்னதான் சொல்கிறது என்று கேட்டேன். அதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பிழை எண்ணைக் காட்டும்படி ஒரு வரி சேர்த்தான். ஒன்று என்று வந்தது. படம் வரம்பைவிடப் பெரிது என்று அர்த்தமாம். வரம்பு இரண்டு எம்.பி. போனில் எடுக்கும் படமோ நாலு, ஐந்து. சர்வர் ஒவ்வொரு முறையும் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறது. இந்த மகானுபாவன் அதைக் காதில் வாங்காமல், எது நடந்தாலும் நன்றி சொல்லும்படி எழுதி வைத்திருந்தான்.

இரண்டு இடத்தில் வரம்பு எண்ணைக் கூட்டி, சர்வரை நிறுத்தித் தொடங்கி, படத்தை மறுபடி ஏற்றினான். நாலு நிமிட வேலை. தூள் வந்தது.

"வந்துருச்சுக்கா" என்றான், தானே தோளில் சுமந்து வந்த மாதிரி. அறைய வேண்டும் போலிருந்தது.

தையற்காரிக்குப் போன் செய்து, இப்போது படம் போகும், ஒருமுறை அனுப்புங்கள் என்றேன்.

"இனிமே எதுக்கும்மா போட்டோ? பதினோரு மணிக்கே விழுந்துருச்சு. அப்பாவும் நானும் கடைக்குப் போயிருந்தோம். மெஷின்தான் அடியில இருக்கு."

குருவியை அந்த வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அரைமணியில் படம் வந்தது. குவிந்து கிடந்த காரை, அதன் அடியில் வளைந்த மெஷின் சக்கரம். பக்கத்துச் சுவரில் துணி வெட்டக் கோடு போடும் சாக்கால் நாலு தேதிகள் எழுதியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே "அனுப்பினேன், நன்றி வந்தது" என்று இருந்தது. மூன்றாவது தேதிக்குக் கீழே மட்டும் இன்னொரு வரி: "பொய் சொல்கிறேனாம்."

அதைச் சொன்னது குருவி இல்லை, நான்.