வீட்டுக்குள் ஒரு குழாய்

என் கல்யாணத்தை முடித்துவைத்தது ஒரு பித்தளைக் குழாய். மாப்பிள்ளை வீடு பார்க்கக் கீரனூரிலிருந்து திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்த அப்பா, வீட்டுக்குள்ளேயே குழாய் இருப்பதைக் கண்டு மயங்கிவிட்டார். அவர் வந்த நேரம் பார்த்து அதில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுத்தால் தண்ணீருக்கே சீரழிந்து போவாள் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். "திருகுனாக் கொட்டுது, நானே கண்ணுல பாத்தேன்" என்று அடித்துச் சொல்லி அப்பா கல்யாணத்தை நடத்தினார்.

கொட்டத்தான் செய்தது. வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் உலை கொதித்து அடங்குகிற நேரம். மற்ற நாட்களில் திருகினால் பெருமூச்சு விடும். என் வீட்டுக்காரருக்கு அந்தக் குழாய்மேல் இருந்த மரியாதை என்மேல்கூட இருந்ததில்லை; தண்ணீர் வராத நாளிலும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். கிணற்றடியில் தொட்டி வழிய வழியக் குளித்து வளர்ந்த நான், அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டேன். ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டேன். உண்மை தெரிந்தால் அம்மா முன்னால் அப்பா தலைநிமிர முடியாது. அதை என்னால் தாங்க முடியாது.

கல்யாணமான ஆறாம் மாதம் அப்பா வருவதாகக் கடுதாசி வந்தது. அந்த வாரம் பார்த்துக் குழாய் சுத்தமாக வாயை மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டுக் கலக்கம்? நாங்க இல்லையா, ஏத்தா?" என்றாள்.

அப்பா வருகிற அன்று காலை, தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் சேமித்த தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் தொட்டியை நிரப்பினார்கள். "கொழா பக்கம் மட்டும் அவரை விட்றாத" என்று எச்சரித்துவிட்டும் போனார்கள்.

அப்பா ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்து இறங்கினார். நேரே குழாயிடம் போய்க் கையை வைத்தார். "மாமா, மாமா, வாஷர் போயிருச்சு. தொட்டியில மோந்து ஊத்திக்கங்க" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், காது சிவந்துவிட்டது.

"அதுக்கென்னுங்க மாப்பிள்ளை" என்று அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனார்.

அவர் குளித்த குளியலை என்னவென்று சொல்ல! முதல் சொம்பு காலுக்கு. அடுத்தது உட்காரப்போகும் கல்லுக்கு. பிறகு ஒன்று சும்மா, வெயிலுக்கு. பார்த்துக்கொண்டிருந்த நான் ஒவ்வொரு சொம்பையும் எண்ணினேன். அது பக்கத்து வீட்டு உலைத் தண்ணீர்; இது எதிர்வீட்டுப் பிள்ளைக்காரி துணி அலச வைத்திருந்தது. தலை நிறையச் சோப்பு நுரையோடு அவர் மறுபடி சொம்பைத் தூக்கியபோது என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"போதுமுங்கப்பா!"

சொம்பு அப்படியே நின்றது. நுரைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு எட்டிக் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

"எத்தன நாளாச் சாமி?"

"வந்ததுல இருந்துங்கப்பா."

அப்பா கையிலிருந்த சொம்புத் தண்ணீரில் தலையை அலசினார். போகாத நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எங்கூட வந்துர்றியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லாத்தானுங்கப்பா இருக்கறேன். அம்மாகிட்டச் சொல்லிராதீங்க."

உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. காது மடலில் காய்ந்த சோப்போடு சாயங்கால பஸ் ஏறினார்.

பத்து நாள் கழித்து, அம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய கடிதம் வந்தது. ‘உன் வூட்டுக் கொழாயில தண்ணி ராப்பகலாக் கொட்டுதுன்னு அப்பா ஊரெல்லாஞ் சொல்லிட்டிருக்காரு. எனக்குச் சந்தோசம். ஆனா அங்க என்னத்தப் பாத்துட்டு வந்தாரோ தெரியல கண்ணு, கெணறு நெறையாத் தண்ணி கெடக்குது, மூணு சொம்புக்கு மேல ஊத்திக்க மாட்டேங்கறாரு.’