சீர்த்தட்டில் வைத்த சக்கரம்

என் மனைவியின் தம்பி முத்துராஜின் வலது கையை முடமாக்கியவன் நான்தான்.

விபத்து என்று ஊர் சொல்கிறது. அவனுடைய அவசரம் என்று என் மனைவி சொல்லி அழுகிறாள். இரண்டும் இல்லை. நான் செய்தேன். தெரிந்தே செய்தேன்... சந்தனமும் குங்குமமும் வைத்துச் செய்தேன்!

எனக்கு மில்லர்புரத்தில் டயர் கடை. டயர், அலாய் வீல், வீல் அலைன்மென்ட். துறைமுகத்துக்குப் போகும் லாரியிலிருந்து புதுமாப்பிள்ளையின் கார் வரை என் கடை வாசலில் நிற்காத வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். தருவைகுளம் போகிற வழியில், உப்பு விளைவிப்பதை நிறுத்திவிட்ட ஒரு பெரிய பாத்தி இருக்கிறது. காய்ந்து இறுகிய தரை. அதில் ரப்பர் கூம்புகளை நட்டு வைத்து, ஒவ்வொரு காராக வளைந்து நெளிந்து ஓட்டி வருவோம். யார் குறைந்த நேரத்தில் வருகிறானோ அவன் ஜெயித்தான். ஆட்டோகிராஸ் என்று பெயர். எல்லோரும் எங்களைப் போன்ற கடைக்காரர்கள், வியாபாரிகள்தான். கோப்பை என்று கொடுப்பது ஒரு பிளாஸ்டிக் சாமான். ஆனால் அதற்காக நாங்கள் அடித்துக்கொண்ட அடி இருக்கிறதே!

முத்துராஜும் ஓட்டுவான். அவனுக்குப் பாத்திரக்கடை. பாத்திரத்தைப் போலவே காரும் பளபளவென்று இருக்க வேண்டும் அவனுக்கு. பெரிய சக்கரம், பட்டையான டயர், காது கிழிகிற சைலன்சர். நான் சொல்லிப் பார்த்தேன். இந்தத் தரைக்குச் சின்ன வீல்தான் சரி. வீலின் எடை குறைந்தால்தான் வண்டி நினைத்த இடத்தில் திரும்பும், நினைத்த இடத்தில் நிற்கும். முதலில் தரையைக் கவ்விப் பிடிக்கிற நல்ல மெதுரப்பர் டயர் போடு, அடுத்து ஷாக் அப்சர்பர், அப்புறம் பிரேக் பேட், சைலன்சரைத் தூக்கிக் கடலில் போடு என்றேன். கேட்டானா? ஒவ்வொரு தடவையும் என் பழைய காரிடம் தோற்றான். சொந்த அக்கா கைதட்டிக்கொண்டு நிற்க, அவள் புருஷனிடம் தோற்றான்.

ஒருநாள் தோற்றுவிட்டு வந்தவன், டீக்கடைப் பெஞ்சில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, சிரித்துக்கொண்டே சொன்னான்.

“அத்தான் கடை வீலத்தான நானும் போட்டிருக்கேன், பின்ன எப்படி ஜெயிக்க? உப்பு தின்ன ரிம்முல பட்டிய அப்பி, பெயிண்ட அடிச்சுப் புதுசுன்னு தள்ளுதாருல்லா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

உங்களுக்கு இது விளங்க வேண்டும். எங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு. உப்பளத்துக்குள் ஓடுகிற வண்டியின் அலாய் வீலில், டயர் உட்காரும் உள்விளிம்பை உப்பு அரித்துவிடும். வெள்ளைப் பொடியாக உதிரும். பிறகு டயர் அங்கே பிடித்து உட்காராது. அப்படிப்பட்ட வீலில் அரித்த பள்ளம் தெரியாமல் பட்டிப் பசையைப் பூசி, பெயின்ட் அடித்து விற்பவன், கண்ணில்லாதவனுக்குக் கிணற்றுக்குள் வழிகாட்டுகிறவனுக்குச் சமம். அதுவரை நான் அதை ஒருநாளும் செய்ததில்லை. ஒரு வீலுக்குக்கூடச் செய்ததில்லை! அது முத்துராஜுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் பேச்சு பரவிவிட்டது. அதற்குப் பிறகு கடைக்கு வந்தவனெல்லாம் என் கண் முன்னாலேயே வீலைத் திருப்பி, உள்விளிம்பைக் கட்டைவிரலால் சுரண்டிப் பார்த்தான். சுரண்டிவிட்டு நகத்தைப் பார்ப்பான். பிறகு என்னைப் பார்த்து, “சும்மா பாத்தேன் அண்ணாச்சி” என்பான்.

அந்தக் கட்டைவிரல்... அது வீலைச் சுரண்டவில்லை, என் தோலைச் சுரண்டியது. பாதி லாரிக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். நான் யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்? மச்சினன் விளையாட்டாகச் சொன்னதற்குச் சண்டைக்குப் போனால் நான் சின்ன மனிதன். போகாவிட்டால் அவன் சொன்னது மெய். என் மனைவி பார்வதியிடம் சொன்னேன். “அவன் சின்னப் பையன், வாய்க்கு வந்தத உளறுவான், விடுங்க” என்றாள். அந்தச் சின்னப் பையனுக்கு அப்போது மீசை நரைக்க ஆரம்பித்திருந்தது.

நான் விடவில்லை. பேச்சுவார்த்தையை நிறுத்தினேன். பகையை வளர்த்தேன். தினமும் கடை திறந்ததும் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு, அவன் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வேன். அன்றைய நாள் அதற்குப் பிறகுதான் எனக்குத் தொடங்கும்.

அப்போதுதான் என் மகள் பெரியவளானாள்.

சடங்கு என்றால் தாய்மாமன் சீர் இல்லாமல் முடியுமா? பெரியவர்கள் கூடிப் பேசி எங்கள் இருவரையும் பேச வைத்தார்கள். பார்வதிக்கு உச்சி குளிர்ந்தது. “ஏங்க, தம்பி ஊரு மெச்ச சீரு கொண்டாரான். நாமளும் அவன் மனசு குளிர ஏதாவது செய்யணும்லா” என்றாள்.

“செய்வோம்” என்றேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவன் சொன்ன பொய்யை அவனுக்காக மெய்யாக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. அவன் ஒருவனுக்கு மட்டும்!

உப்பளத்துக்குள் ஓடிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய வீல்கள் என் கடைப் பின்புறம் கிடந்தன. சின்ன அளவு, எடை குறைந்தவை, அவன் காருக்கு அளவெடுத்துச் செய்ததைப் போன்றவை. நான்கில் மூன்று நன்றாக இருந்தன. நான்காவதின் உள்விளிம்பை உப்பு தின்றிருந்தது. கடையை மதியச் சாப்பாட்டுக்கு அடைத்துவிட்டு, பின்புறம் உட்கார்ந்து அதில் பட்டி பூசினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளிநிறப் பெயின்ட் அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலையும் செய்ததில்லை. பிறகு நான்கிலும் புத்தம்புது மெதுரப்பர் டயர்களை ஏற்றினேன். அரிப்பு டயருக்குள் மறைந்துவிட்டது.

டயர் நிஜமாகவே நல்ல டயர். அதில் குறை வைக்கவில்லை. இரைக்கு வைக்கிற புழு நன்றாக இருக்க வேண்டுமே!

சடங்கன்று அவன் மேளதாளத்தோடு வந்தான். என் மகள் கழுத்தில் இரண்டு கைகளாலும் மாலை போட்டான். இரண்டு கைகளாலும்... அந்த வீடியோவை இப்போது என்னால் பார்க்க முடிவதில்லை.

பதில் மரியாதையாகப் பெரிய பித்தளைத் தாம்பாளங்களில் அந்தச் சக்கரங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் சந்தனம் குங்குமம் தொட்டு, மல்லிகைச் சரம் சுற்றிக் கொண்டுவரச் சொன்னேன். பந்தலே எழுந்து பார்த்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில்தான் என் சாமர்த்தியம் இருந்தது. கடையில் வாங்கினால் சுரண்டிப் பார்ப்பார்கள். சீர்த்தட்டில் வந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் கொடுத்தவரைச் சபையில் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். போதாததற்கு இன்னொன்றும் உண்டு. என் வீல்கள் சுத்தமானவை என்று இந்த ஊரிலேயே அடித்துச் சொல்லக்கூடியவன் முத்துராஜ் ஒருவன்தான். பொய்யைக் கட்டியவன் அவன் அல்லவா? அவன் எப்படிச் சந்தேகப்படுவான்!

பந்தலுக்கு வெளியே வைத்து நானே அவன் காரில் மாட்டிக் கொடுத்தேன். கெட்ட வீலை முன்பக்கம் இடதுபுறம் மாட்டினேன். எங்கள் மைதானத்தில் கடைசியாக ஒரு பெரிய வலது திருப்பம் வரும். வண்டியின் பாரம் முழுவதும் அந்த இடது முன்சக்கரத்தில்தான் இறங்கும்.

மாட்டி முடித்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். “மாப்ள, காத்த இருபத்தெட்டுக்குக் கீழ மட்டும் எறக்கிராத.”

இது சரியான அறிவுரை. எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம். ஆனால் நான் ஒன்று சொன்னால் அவன் அதற்கு மாறாகத்தான் செய்வான் என்பது எனக்குத் தெரியும். காற்று குறைந்தால் தரையில் பிடிமானம் கூடும் என்று கண்டமேனிக்கு இறக்குவான். நல்ல வீல் அதைத் தாங்கிக்கொள்ளும். அரித்த வீலில் டயர் கழன்றுவிடும்.

நீங்கள் இப்போது என்னைக் கேட்பீர்கள்: அவன் சாக வேண்டும் என்று நினைத்தாயா?

அன்று என்னிடம் நானே சொல்லிக்கொண்ட பதில் வேறு. டயர் கழலும், வண்டி பாதியில் நின்றுவிடும், ஊர் சிரிக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் இருபது வருடமாக டயர் ஏற்றி இறக்குகிறவனுக்கு, ஓடுகிற வண்டியில் டயர் கழன்றால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் மூடி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் அவன் குனிந்து காற்றை இறக்கியதைப் பார்த்தேன். அந்தச் சீற்றம் எனக்குக் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். “ஏலே, நிறுத்து” என்று ஒரே ஒரு குரல்! என் பக்கத்தில் பார்வதியும் மகளும் நின்றார்கள். மகள் “மாமா, மாமா” என்று கத்தினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நன்றாக ஓட்டினான் பாவி. அவன் அவ்வளவு நன்றாக ஓட்டி நான் பார்த்ததே இல்லை. நான் தேர்ந்தெடுத்த சக்கரம் ஆயிற்றே, சொன்ன இடத்தில் திரும்பியது. அந்த ஓட்டத்தில் அவன் என்னை ஜெயித்திருப்பான்... கடைசித் திருப்பத்தில் இடது டயர் கழன்று சுருண்டது. வெறும் ரிம் தரையைக் குத்தியது. வண்டி தலைகீழாக உருண்டது. வெக்கைக்குக் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தான். வலது கை வெளியே வந்து வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

முதலில் ஓடிப்போனவன் நான்தான். எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஓடிப்போய் நான் முதலில் பார்த்தது எதைத் தெரியுமா? அவன் முகத்தை அல்ல. அந்த வீலை! பட்டி பெயர்ந்து பல்லிளித்துக்கொண்டிருந்தது. அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும், சாமான்களை ஒதுங்க வைக்கிற சாக்கில் அதைக் கழற்றி என் வண்டியில் போட்டுக்கொண்டேன். டயர்க்காரன் வீலைக் கழற்றுகிறான், யார் என்ன கேட்பார்கள்?

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்து என் கையைப் பிடித்தான். இடது கையால்.

“நீங்க சொன்னிய அத்தான்... இருபத்தெட்டுன்னு சொன்னிய. நான்தான் கேக்கல.”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்!

அவன் வலது கை இப்போது ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்காது. பாத்திரக்கடையில் மேல்தட்டுச் சாமானை எடுக்க அவன் மனைவிதான் ஏணியில் ஏறுகிறாள்.

போன பந்தயத்தில் அவன் வேடிக்கை பார்க்க வந்தான். மைக்கை வாங்கினான். “முன்னால அத்தான் கடை வீலப் பத்தி நான் சொன்னது பச்சப் பொய். தோத்த வயித்தெரிச்சல்ல சொன்னேன். கண்ண மூடிட்டு அவரு கடையில வாங்கலாம். எனக்கு நடந்ததுக்கு என் திமிருதான் காரணம்” என்றான். கூட்டம் கைதட்டியது. பார்வதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை அது! கிடைத்தது. கடையில் மறுபடியும் கூட்டம். இப்போது யாரும் வீலைச் சுரண்டுவதில்லை.

இந்த இடத்தில் நான் மனம் வெந்து திருந்திவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். எழுத மாட்டேன். அந்தக் கை தொங்குவதைப் பார்க்கும்போது எனக்குள் எங்கோ ஒரு மூலையில் இன்றைக்கும் ஓர் இனிப்பு ஊறுகிறது. அடுத்த கணம் குமட்டுகிறது. இனிப்பு முதலில் வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நேற்று அவன் கடைக்கு வந்தான். கிளட்ச் இல்லாத சின்னக் கார் வாங்கியிருக்கிறான். ஸ்டியரிங்கில் இடது கையால் சுழற்ற ஒரு குமிழ் வைத்திருக்கிறான். மறுபடியும் ஓட்டப் போகிறானாம்.

“வீலு நீங்களே பாத்துப் போடுங்க அத்தான். வேற யாருக்கிட்டயும் போக மாட்டேன்.”

இருப்பதிலேயே நல்லதை எடுத்தேன். வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டயர் ஏற்றப்போகும்போது அவன் எழுந்து வந்தான். வீலை என் கையிலிருந்து வாங்கி தொடையில் சாய்த்துக்கொண்டு, உள்விளிம்பை இடது கட்டைவிரலால் மெதுவாகச் சுரண்டினான். நகத்தைப் பார்த்தான்.

“சும்மா பாத்தேன் அத்தான்” என்றான்.

இவனுக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து தெரியும்? மைக்கில் பேசும்போதே தெரியுமா? தெரிந்துதான் பேசினான் என்றால்... கெட்டுப்போன என் பெயரை எல்லோர் முன்னாலும் எடுத்து, சீர்த்தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். அதை நான் புரட்டிப் பார்க்கவும் முடியாது, வேண்டாமென்று தள்ளவும் முடியாது. என்னைவிடத் தேர்ந்த கை!

கேட்கலாம். கேட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகும். நான்கு டயர்களையும் ஏற்றினேன்.

“காத்து எவ்வளவு வைக்கணும், சொல்லுங்க.”

“இருபத்தெட்டு” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதான்.”

காற்று ஏறிக்கொண்டிருந்தது. அவன் மீட்டரைப் பார்க்கவில்லை. நான் காற்று அடித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.