அனைவருக்கும் பகிருங்கள்

இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது மறுபடியும் வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வரும். கூடப் படித்தவர்களின் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிலுவை, எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் ‘அனைவருக்கும் பகிருங்கள்’. அந்த ஒரு வரி நான் எழுதியது.

மற்றதெல்லாம் என்னோடு வேலை பார்த்த அக்காவுடையது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. அவருடைய தம்பியும் கடலில் போனவர்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊர் ஊராகப் போன் போட்டுப் பெயர்களைக் கேட்டு, இணையத்தில் ஒரு பக்கமாக ஏற்றி வைத்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடியில் மட்டும் ஒரு வேண்டுகோள்: பிறருக்குச் சொல்வதானால் இந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள், படியெடுத்து அனுப்பாதீர்கள். பொதுவில் வைத்த பிறகு இதென்ன பிகு என்று நினைத்தேன். ஊருக்கு நல்லது செய்கிற அவசரம் எனக்கு எப்போதும் உண்டு. பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கி, தலையில் என் வரியைப் போட்டு, இருந்த குழுக்களில் எல்லாம் தட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது துபாய் வரை போய்விட்டதை அக்காவிடமே பெருமையாகக் காட்டினேன். அவர் திட்டவில்லை.

“லிங்க்க அனுப்பிருக்கலாம்லா தம்பி. நாளைக்கு நான் ஒரு பேர எடுத்தா, எல்லார் கையில இருந்தும் அது போவணும்லா” என்றார். எனக்கு அது உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கணவர் போன வள்ளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பட்டியலில் இருந்து பெயரை எடுக்கச் சொன்னார்.

“செல்போன வீட்டுல வச்சிட்டுப் போயிட்டாரு. நான் அதுக்கு ரீசார்ஜ் போட்டுட்டுத்தான் இருக்கேன். எங்கன கரையேறினாலும் அந்த நம்பருக்குத்தான் அடிப்பாரு. அவருக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே பெயரை எடுத்து, திரையைத் திருப்பிக் காட்டினார்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அந்தப் பெண் திரும்ப வந்தார். கையில் கணவரின் போன்.

“ஏளா, எடுத்துட்டேன்னு சொன்னியே. அவரு போனுக்கே வந்துருக்கு, பாரு.”

என் பிடிஎஃப்தான். அதில் அவர் பெயர் சிலுவையோடு அப்படியே இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “என் தப்புதான்க்கா, மன்னிச்சிருங்க” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். நான் கப்பல் காகிதங்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை.

அந்த வாரமே அக்கா பக்கத்தை மொத்தமாக அழித்துவிட்டார். தம்பியின் பெயரும் அதோடு போயிற்று. பிறகு மகளோடு இருக்கக் கொச்சிக்குப் போனவர், போன வருஷம் அங்கேயே காலமானார். கடைசிவரை நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் திருத்தி வைத்தது இன்று எங்கும் இல்லை. நான் கிளப்பிவிட்டதுதான் சுற்றுகிறது.

இன்று முதல்முறையாக, இதைப் பகிராதீர்கள் என்று குழுவில் எழுதினேன். அதற்குள் மூன்று பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன் என்றார் ஒருவர். அந்தப் பெண் இன்னும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் போனிலும் காலையில் சத்தம் வந்திருக்கும். ஓடிப்போய் எடுத்திருப்பார்.