கேட்காமல் நிரப்பிய கட்டம்

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் எனக்கு ஓர் ஆன்லைன் விண்ணப்பக் கடை. ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், பட்டா எல்லாம் செய்து கொடுப்பேன். வருகிறவர் வாய் திறப்பதற்குள் பாதிப் படிவத்தை முடித்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒரு காலை என் பள்ளித் தோழன் வந்தான். ஏசி மெக்கானிக். துபாயில் வேலை தயார், பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி என்றான். ஏதோ கேட்க ஆரம்பித்தான். உன் ஜாதகமே எனக்குத் தெரியும், சும்மா உட்கார் என்று அதட்டிவிட்டுத் தட்ட ஆரம்பித்தேன். திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் பிறப்பு, அம்பத்தூரில் படிப்பு. ஐந்தே நிமிடத்தில் பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

வெகுநேரம் படித்தான். கணக்குப் பரீட்சைத் தாளைக்கூட நீ இப்படிப் பார்த்ததில்லையே என்று சீண்டினேன்.

"இதுல நான் பொறப்பால இந்தியன்னு கீது மச்சான்."

"பின்ன இன்னா, அமெரிக்கனா நீ?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். வீட்டில் அவன் பேசும் இலங்கைத் தமிழைச் சின்ன வயதில் நக்கலடித்தவனே நான்தான். அவனிடம் இருப்பது அகதி அட்டை. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

இங்கேயே பிறந்தவனுக்கு ஏதாவது வழி உண்டா என்றுதான் அவன் கேட்க வந்திருக்கிறான். இல்லை. இந்த மண்ணில் பிறந்தாலே போதும் என்ற சட்டம் மாறிய பிறகு பிறந்தவன் அவன். சீனாவில் செய்த கம்ப்ரஸர் ஜம்மென்று அம்பத்தூர் வந்து இறங்குகிறது. அதைப் பழுது பார்க்கிறவன்தான் எங்கேயும் போக முடியாது. எனக்கு ஆத்திரமாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இதை அப்படியே அனுப்பினால், பொய் விவரம் கொடுத்ததாக அவன்மேல் வழக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு, தாளைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காத. அத இங்க குடு."

நாலாக மடித்து, அகதி அட்டை இருந்த பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டான்.

இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அலைந்து பார்த்தான். அதற்குள் துபாய் வேலை திருநின்றவூர் ஆள் ஒருவருக்குப் போய்விட்டது. போன மாதம் என் கடை ஏசியைச் சர்வீஸ் செய்ய வந்தவன், வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தான். மடிப்புகள் கிழிய ஆரம்பித்திருந்தன.

"லேமினேஷன் போட்டுக் குடு மச்சான்."

மடிப்புகளை நீவி மெஷினில் விட்டேன். போட்டுக் கொடுத்தேன்.