தொட்டால் கணக்கில் சேராது

தண்ணீர் கேன் முதலில் கீழே வந்து சேர்ந்தது; டெய்லரக்கா விழுந்த செய்தி பிறகுதான் வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் கையிலிருந்து நழுவிய இருபது லிட்டர் கேன், படிப்படியாகக் குதித்து இறங்கி, முதல் மாடிக்காரர்களின் செருப்புகளையெல்லாம் வாரிக்கொண்டு, வாசலில் நின்ற தண்ணீர் வண்டிக்காரரின் காலடியில் போய் நின்றது. அக்காவின் வீடு இருக்கும் மூன்றாவது மாடி என்றாலே முழங்காலைத் தடவிக் காட்டி, கேனைக் கீழேயே வைத்துவிட்டுப் போகிறவர் அவர். கேனை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்த்து, உடைந்துவிட்டதா என்று கேட்டார். எதைக் கேட்டார் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. கேன் உடையவில்லை. மணிக்கட்டு மட்டும் சுளுக்கிக்கொண்டது.

சிறிது நேரத்தில் மகன் வந்துவிட்டான். அவன் கெட்ட பிள்ளையாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம். நல்ல பிள்ளை, அதுதான் தொல்லை. அம்மா இருமினால் டாக்டரோடு வருகிறவன். தன் வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, கட்டில் போட்டு வைத்திருந்தான். தையல் மிஷினை என்ன செய்வது என்று அக்கா கேட்டதற்கு, போதும்மா, இனிமேல் ஓய்வாக இரு என்றான். ஐம்பத்தெட்டு வயதில் அவள் பயந்தது நோய்க்கு இல்லை, ஓய்வுக்குத்தான்.

அந்த மூன்றாவது மாடி வீட்டை அவளாகப் பார்த்துப் பிடித்து, அவளாக ஆணி அடித்து வைத்திருந்தாள். காலை வெளிச்சம் ஜன்னல் வழியே நேராக மிஷினின் ஊசிமேல் விழும். அந்த வெளிச்சத்தில் தெருவில் பாதி வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்திருக்கிறாள். கணவர் போன பிறகு எல்லோரும் அவள் கையிலிருந்து எதையாவது வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். கடைக்குப் போனால் பையை வாங்கிக்கொள்வார்கள், வங்கிக்குப் போனால் பேனாவையே வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் அன்புதான், யாரையும் குறை சொல்ல முடியாது. மிச்சமிருந்தது இந்த வீடு ஒன்றுதான்.

வீட்டு ஒப்பந்தம் வருஷக் கடைசியில் முடிகிறது, அதோடு காலி செய்துவிடலாம் என்றான் மகன். வருஷம் முடிய அரை வருஷம் இருந்தது. அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இதே கேனை இதே படியில நானே மேல கொண்டு வந்துட்டா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தேவிட்டான். "கொண்டு வந்துட்டா நான் அதுக்கப்புறம் வாயே தெறக்கல."

வாயால் சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. வழி அளவெடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் ஒரு மரச்சாமான் கடை மூடி ஜிம் திறந்திருந்தார்கள். பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் திரை வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். கட்டு அவிழ்த்த கையில் அளவு நாடாவோடு போன அக்கா, அங்கே தன் எடையில் பாதிகூட இருக்க மாட்டாள் என்று தோன்றிய, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் தரையிலிருந்து கம்பியை நிதானமாகத் தூக்கி, நிதானமாக இறக்கி வைத்ததைப் பார்த்தாள். கம்பியின் இரண்டு பக்கமும் மாட்டியிருந்த தட்டுகளைச் சேர்த்தால் அக்காவின் பீரோ கனம் இருக்கும். அந்தப் பெண்தான் பயிற்சியாளர். மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். திரைக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் அக்கா தன் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

ஜிம்மைப் பற்றி அக்காவுக்கு முதல் நாளே கருத்துகள் வந்துவிட்டன. பாதிப் பேர் தூக்க வருகிறார்கள், பாதிப் பேர் தூக்குவதைப் படம் பிடிக்க வருகிறார்கள் என்பது அவள் கட்சி. சிலர் நெஞ்சையும் கையையும் மட்டும் வளர்த்துக்கொண்டு கால்களை மறந்துவிட்டார்கள். அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி மேலே தாராளம், கீழே பஞ்சம். கண்ணாடி வேறு சுவருக்குச் சுவர். தைக்கிறவள் துணியைத் தொட்டே பிசகைக் கண்டுபிடிக்கிறாள், இவர்களுக்கு எதற்கு இத்தனை கண்ணாடி என்று கேட்டாள். முதுகு வளைவதை முதுகால் பார்க்க முடியாதே என்றாள் மாஸ்டர். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

எல்லோரையும்விட அவள் எரிச்சலைக் கிளப்பியவனுக்கு அவள் வைத்த பெயர் உறுமல். கூரியர் வண்டி ஓட்டுகிற ஆள், நல்ல தேக்கு மரம் போல உடம்பு, ஒவ்வொரு தூக்கலுக்கும் தெருக்கோடி வரை கேட்கும்படி ஒரு உறுமல். உறுமினால் பலம் கூடுகிறது என்று ஒரு கோஷ்டி, பலம் இருந்தால் எதற்கு உறுமல் என்று இன்னொரு கோஷ்டி. அக்கா சந்தேகமில்லாமல் இரண்டாவது கோஷ்டி. ஆனால் ஒரு நாள் தரையிலிருந்து கம்பியைத் தூக்கும்போது அவள் தொண்டையிலிருந்தே ஒரு சத்தம் கிளம்பியது. ஜிம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. உறுமலின் முகத்தில் பெற்ற தகப்பனின் பெருமை. அன்றிலிருந்துதான் அவன் அவளை ஆன்ட்டி என்பதை விட்டு அக்கா என்றான்.

ஆரம்பத்தில் அவளுக்கு ஒரு பெரிய தப்பெண்ணம் இருந்தது. உடம்பு எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தாள். மாஸ்டர் சொன்னதற்கு மேல் ஒரு தட்டு, சொன்னதற்கு மேல் ஒரு சுற்று. இரண்டாவது வாரம் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது. அதைப் பெருமையாக மாஸ்டரிடம் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"வேர்வை வந்தா வேலை நடந்துச்சுன்னு அர்த்தமில்லக்கா. வெயில்ல சும்மா நின்னாலும் வேர்க்கும்" என்றாள் மாஸ்டர். "நாளைக்கும் வர்ற மாதிரி இன்னைக்குத் தூக்குங்க."

அக்காவுக்கு ரோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தபோது புரிந்தது. அவசரத்தில் ஓட்டிய தையலைப் பிரித்துத் தைக்க எத்தனை பொழுது வீணாகியிருக்கிறது. மறுநாள் தட்டைக் குறைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததைத்தான் அவள் எல்லோரிடமும் சொல்வாள். பலகையில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளுகிற பயிற்சி. கம்பி நெஞ்சுவரை இறங்கிவிட்டது, ஏற மறுத்தது. பாதியில் நின்று நடுங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். மயிரிழை மயிரிழையாக அது மேலே போக ஆரம்பித்த நேரம், உறுமல் பாய்ந்து வந்து கம்பியைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நல்ல மனசு. மாஸ்டர் அவனைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள்.

"கை கிட்ட வச்சுக்கோ. தொடாத. அவங்க 'எடு'ன்னு சொன்னா அந்த நிமிஷமே எடு. சொல்லாம நீ தொட்டா அது கணக்குல சேராது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான். அக்கா மூச்சு வாங்கிவிட்டு மறுபடி படுத்தாள். இந்தத் தடவையும் கம்பி அதே இடத்தில் நின்றது. அண்ணாந்து பார்த்தால் கம்பிக்குக் கீழே உறுமலின் இரண்டு பெரிய உள்ளங்கைகள், தொடாமல், காத்துக்கொண்டு. அவள் 'எடு' என்று சொல்லவில்லை. கம்பி ஏறிவிட்டது. எழுந்து உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு பாரம் கடைசிவரை அவள் கையிலேயே இருந்தது, அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே. அந்தச் சந்தோஷத்தை அவளால் தாங்க முடியவில்லை. வேர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மணல் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜிம்முக்குள் நடந்தாள், பிறகு ஜிம்மின் பின்பக்கப் படியில் ஏறினாள். தண்ணீர் வண்டிக்காரர் வாராவாரம் கேனைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கா என்று கேட்பார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டுக் குடத்தில் பிரித்துத்தான் கொண்டு போவாள்.

வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகன் அட்டைப்பெட்டிகளோடு வந்தான். பந்தயத்தை அவன் மறந்தே போயிருந்தான். அக்கா கீழே இறங்கி, வாசலில் வைத்திருந்த கேன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அணைத்து, எழுந்து நின்றாள். பெட்டிகள் அவன் கையிலிருந்து விழுந்தன.

முதல் மாடி சுலபமாகப் போயிற்று. மகன் பின்னாலேயே அம்மா அம்மா என்று வந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில், அவள் விழுந்த அதே படியில், கால் ஒரு கணம் தயங்கியது. அவன் கை உடனே கேனை நோக்கி நீண்டது.

"கை கிட்ட வச்சுக்கோ" என்றாள் அவள், திரும்பாமலே. "தொடாத. வேணும்னா நானே 'எடு'ன்னு சொல்றேன்."

தொடாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவன் மூச்சிலேயே தெரிந்தது. இரண்டு கைகளையும் விரித்து, அவள் முதுகுக்குக் கீழே ஏந்தியபடி, குனிந்து, ஒவ்வொரு படியாக வந்தான். மேலே போய் அவள் கேனைத் தாங்கியில் கவிழ்த்து வைத்து, தண்ணீர் குளுகுளுவென்று இறங்கும் சத்தம் கேட்டபோது, தரையில் சாய்ந்து உட்கார்ந்து வேர்த்து வழிந்துகொண்டிருந்தவன் அவன்தான். முதல் தம்ளரை அவனுக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றினான். அட்டைப்பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்குப் போடச் சொன்னான். கிளம்பும்போது வாசலில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அடுத்த தடவ தண்ணி வந்தா சொல்லும்மா. தூக்குறதுக்கு இல்ல. பின்னாடி வர்றதுக்கு."

அவள் சொல்லி அனுப்பினாள், அவனும் வந்தான். அன்றைக்கு அவளுக்குக் கேன் இலேசாகத்தான் இருந்தது, மூன்றாவது மாடி என்ன, மொட்டை மாடிவரை போயிருப்பாள். ஆனால் இரண்டாவது மாடித் திருப்பத்தில், பின்னால் ஏந்திய கைகளோடு வருகிறவனின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எடு" என்றாள்.

பரிசு வாங்குகிறவன் மாதிரி அவன் வாங்கிக்கொண்டான். மிச்சப் படிகளில் விடுவிடுவென்று ஏறினான். அவன் பின்னாலேயே அவளும் ஏறினாள், இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, தொடாமல்.