மன்னரை "வாங்க" என்று சொல்லக் கூடாது

என் நாட்குறிப்பில் மார்கழி முதல் ஞாயிறுக்கு எதிரே எழுதியிருப்பது: "அரியூர் நாடு. நல்ல பனி. காலையில் வரவேண்டிய மன்னர் உச்சிப்பொழுதுக்கு வந்தார். காரில்."

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், அரியூர் நாடு இருக்கும் இந்த மலையை ஆண்ட குறுநில மன்னனைப் பற்றிய படம். மிளகும் மரவள்ளியும் விளைவிக்கும் என் நண்பரின் களத்தில் படப்பிடிப்பு. நண்பருக்கும் ஒரு வசனம் உண்டு. மன்னர் குடிசைக்கு வருவார், குடியானவர் நடுநடுங்கிக் காலில் விழுந்து, "மன்னர் மன்னா! தங்கள் திருவடி பட்டு இக்குடில் புனிதமடைந்தது!" என்பார். தான் படத்தில் பேசப்போவதை நண்பர் மலை முழுக்கச் சொல்லிவிட்டார். சொந்தபந்தத்தை நாமக்கல் தியேட்டருக்கு அழைத்துப்போக வேனும் பேசியாகிவிட்டது.

பின்னணியில் மரவள்ளிக் காடு. அது கடல் கடந்து வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன என்று இயக்குநரிடம் சொன்னேன்.

"பச்சையா இருக்குல்ல சார்?" என்றார்.

அக்காலத்தில் எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பாட்டுகள் இருக்கின்றன; பாட்டுப் பாடியே யாரும் மாட்டை விரட்டியிருக்க மாட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு இந்தச் சங்கடமே இல்லை. எந்த நூற்றாண்டானாலும் கட்சி மேடைத் தமிழ்தான். ஆள்பவனும் உழுபவனும் சமம் என்று மன்னர் முழங்குவார். அதைக் கேட்டு உழுபவன் நடுங்க வேண்டும்.

முதல் டேக். மன்னர் களத்துக்குள் கால் வைத்ததும், வேடமிட்டு நின்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒவ்வொருவராக "வாங்க", "வாங்க" என்றார்கள். இங்கே வீட்டுக்கு வந்தவரை ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்க வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் மனத்தாங்கல் வருஷக்கணக்கில் நிற்கும்.

"கட்! யாரும் வாங்கன்னு சொல்லாதீங்க! அவர் மன்னர்!"

"மன்னருன்னா இன்னும் ரெண்டு வாட்டி சொல்லோணுமுங்க," என்றார் நண்பர்.

"பயம் வேணும் சார், பயம்!"

"ஊட்டுக்கு வந்தவரப் பாத்து எதுக்குங்க பயப்படறது? அவருதான் எங்க நாயைப் பாத்துப் பயந்துக்கறாரு."

மன்னர் ஒட்டு மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்தடுத்த டேக்குகளும் "வாங்க"விலேயே போயின. கடைசியில் கூட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. நண்பர் விழுந்தார், ஏதோ சொன்னார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்கவில்லை. இயக்குநர் ஓகே என்றார்.

படம் வந்தது. வேன் நிறையப் போனோம். திரை முழுக்க நண்பரின் முகம். விசில் பறந்தது. வாய் திறந்தது. பானைக்குள்ளிருந்து வருவது போல வேறொருவர் குரல், "மன்னர் மன்னா!" என்றது.

"ஏனுங்க, இது யாரு தொண்டைங்க?" என்றார் நண்பரின் மனைவி.

திரும்பும் வழியில், மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் நண்பர் வாயைத் திறந்தார்: "துணியை மாத்துனாங்க, சரி. தொண்டையையுமா மாத்துவாங்க?"

ஒன்றைக் கவனித்திருந்தேன். வசனம் பாதியில் இருக்கும்போதே திரையில் அவர் வாய் மூடிவிட்டது. அன்று என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவங்க சொல்லிக் குடுத்ததத்தானுங்க."

"பொய்யுங்க. 'வாங்க சாமி, உக்காருங்க'ன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றார் மனைவி.

அன்றைய ஒலிப்பதிவை அனுப்பும்படி படக்குழுவுக்கு எழுதினேன், பதில் இல்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பேச்சு அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. மார்கழி முதல் ஞாயிறன்று நான் நின்றிருந்த அதே களத்தில் என் நண்பர் சொன்னது என்ன என்பது மட்டும் இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.