தட்டில் இல்லாத புள்ளி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் இரசாயனத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நூல் கட்டிய ஒரு பென்சில் துண்டு இன்றும் அஜக்ஸ் நகரில் என் மேசையின் இழுப்பு லாச்சியில் கிடக்கிறது. அதைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுவில், அகதியாக வந்த புதிதில், ஸ்காபரோ நகரில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் போத்தல் கழுவினேன். அங்கே மூலிகைகளைச் சோதித்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். ஜின்செங் என்பது ஒரு மருந்து வேர்; சீன வைத்தியத்தில் சீன ஜின்செங் உடம்புக்குச் சூடு, அமெரிக்க ஜின்செங் குளிர்ச்சி. அரைத்துவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. அக்கா தூளின் சாற்றை வெண்பூச்சுக் கண்ணாடித் தட்டில் பொட்டாக வைத்து, தட்டின் அடிவிளிம்பைத் திரவத்தில் நிறுத்துவார். சாறு பிரிந்து மேலேறும். பிறகு அமிலம் தெளித்துச் சூடாக்கினால் ஊதாப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு வேருக்கும் ஒரு வரிசை, கைரேகை மாதிரி. முதல் நாள் உதவி செய்யப்போய், பொட்டு வைக்கும் அடிக்கோட்டைப் பேனையால் போட்டுவிட்டேன். மை கரைந்து எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது.

"உன்ர மைக்குத்தான் தம்பி முதல் பரிசு!" என்று சிரித்த அக்கா, ஒரு பென்சிலை நூலால் மேசையோடு கட்டிவிட்டார்.

புள்ளிகளின் நிறம் நிலைக்காது. அன்றே மெல்லிய தாளில் பென்சிலால் பிரதி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அது என் வேலையாகியது.

ஒரு மாரிக்குளிரில் சீன ஜின்செங் என்று வந்த தூளில், சீன வேருக்கே உரிய புள்ளி இல்லை. அக்கா மூன்று தரம் செய்தார். மூன்று தரமும் அந்த இடம் வெறுமை. தூளை அனுப்பியவர் பெரிய வாடிக்கையாளர், ஒரு புள்ளிதானே, பிரதியில் வைத்துவிடு என்றார் மனேஜர் என்னிடம். பேனையால் கோடு போட்டவனின் கண்ணை யார் நம்புவார்கள் என்றும் கேட்டார். அகதி வழக்கு முடியாத எனக்கு அந்த வேலைதான் பிடிமானம். பென்சில் தாளைத் தொடும்வரை போய்விட்டது.

"வை தம்பி," என்றார் அக்கா. "வைச்சிட்டு, உந்தத் தூளை வாங்கிக் குடிக்கிற சனத்திட்டையும் நீயே போய்ச் சொல்லு."

பென்சிலைக் கீழே போட்டேன். அந்தக் கூடத்தில் நான் உரக்கச் சொன்ன முதல் ஆங்கிலச் சொல் 'நோ'. பேனையை எடுத்து, வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு, கையெழுத்திட்டேன். கீழே அக்காவும் இட்டார். பிறகு நூலை வெட்டிப் பென்சிலை என் சட்டைப்பையில் போட்டார்.

இப்போது இதையெல்லாம் இயந்திரமே வரைந்து தருகிறதாம். தரட்டும். அதன் பக்கத்திலும் ஒருவர் வந்து நின்று, ஒரு புள்ளிதானே என்பார். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

அன்று கையெழுத்திட்ட மறுநாள் காலை பனி கொட்டியது. எங்கள் இருவரின் பொருள்களையும் பையில் போட்டுக் கூடத்து வாசலில் வைத்திருந்தார்கள்.